கூப்பனா, கண்கட்டு வித்தையா?

"50% தள்ளுபடி"ன்னு கொட்டை எழுத்துல போடத் தெரியுதுல்ல? "அதிகபட்சம் 100 மட்டுமே"ங்கிறதை மட்டும் ஏன்யா எறும்புக்கு எழுதின மாதிரி எழுதறீங்க? 1000-க்கு வாங்கினா கிடைக்கிறது வெறும் 10%. இதுக்குப் பேரு பாதி விலையாம்!

குறைந்தபட்ச பில் தொகைன்னு ஒண்ணு. ஏற்கெனவே ஆஃபர்ல இருக்கிற சாமான் அந்தக் கணக்குல சேராது. சரி, தேவையே இல்லாத ரெண்டு சோப்பைப் போட்டு ஒருவழியா எல்லையைத் தொட்டா, "ஒரு பொருள் ஸ்டாக் இல்லை"ன்னு அவங்களே தூக்கிடுவாங்க. தொகை குறைஞ்சதும் கூப்பனும் காலி. சோப்பு மட்டும் பத்திரமா பில்லுல உக்காந்திருக்கும்.

காகிதக் கூப்பன் இன்னும் மோசம். 500 கிராம் பாக்கெட்டுக்கு மட்டும் செல்லும்; அலமாரியில இருக்கிறது 450 கிராம். பார்கோடு ஒத்துவராது, மெஷின் கீச்சுன்னு கத்தும், வரிசை மொத்தமும் நம்மளையே முறைக்கும். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான். அது முதல் ஆர்டருக்கு மட்டும்தான். அதுவும் நேத்து ராத்திரியோட காலாவதி.

இத்தனையும் தாண்டி கூப்பன் விழுந்துட்டா? டெலிவரி, பேக்கிங், கையாளும் கட்டணம்னு கீழே மூணு வரி வரும். மிச்சம் பிடிச்சது அங்கேயே போச்சு!