தாயுள்ளம் இருக்கட்டும், தீர்ப்பைப் பேசுங்கள்

குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து ரிட்டயர் ஆன பெண் நீதிபதியின் பிரிவு உபச்சார விழா வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். 'மேடத்தைப் பத்தி எவ்ளோ அழகா பேசியிருக்காங்க பாருங்க' என்று கூடவே இதய எமோஜி வேறு. பார்த்தேன். முழுசாகவே பார்த்தேன். பேசிய அத்தனை பேரும் 'தாயுள்ளம் கொண்ட நீதிபதி' என்றார்கள். ஒருவர் அவர் வைக்கும் வத்தக்குழம்பு வரைக்கும் போய்விட்டார். அவர் எழுதிய ஒரே ஒரு உத்தரவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

குடும்ப நல நீதிமன்றத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தீர்ப்பு சொன்ன ஒரு பெண்ணைப் பற்றிப் பேச சட்டத்திலிருந்து ஒரு வரி கிடைக்கவில்லையா உங்களுக்கு?

அவர் கோர்ட்டில் வக்கீலாக ஆஜரானவள் நான். ஒரு இடைக்கால ஜீவனாம்ச வழக்கு. கணவர் தரப்பு சொத்து, கடன் விவர அஃபிடவிட் போட்டிருந்தது. 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியதே, அதுதான். சம்பளம் 18,000 என்று போட்டிருந்தார் மனுஷன். மேடம் தலை நிமிராமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கார் லோன் மாசம் 14,500 கட்டுறீங்க. வீட்டு வாடகை 12,000. சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். கோர்ட்டே கப்சிப். அடுத்த வாய்தாவுக்கு மூணு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தது. இதில் தாயுள்ளம் எங்கே இருக்கிறது? கேஸ் கட்டை வரிவரியாகப் படித்த கண் இருக்கிறது.

அதே மேடம்தான் இன்னொரு வழக்கில் என் கட்சிக்காரப் பெண்ணின் ஜீவனாம்ச மனுவைத் தள்ளுபடி செய்தார். வேலைக்குப் போவதை அந்தப் பெண் என்னிடமே மறைத்திருந்தாள். எனக்கு அன்றைக்குக் கடுப்புதான். ஆனால் உத்தரவில் ஓட்டை தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை.

இப்போது வருவீர்கள் தெரியும். 'பாராட்டினாலும் குத்தமா மேடம்?' ஆமாம், குத்தம்தான். அவருக்கு முன்னால் ரிட்டயர் ஆன ஆண் நீதிபதிக்கு நடந்த விழாவில் அவர் தீர்ப்புகளிலிருந்து பத்தி பத்தியாக வாசித்தார்கள். அவர் நல்ல அப்பாவா, ரசம் வைப்பாரா என்று யாரும் கேட்கவில்லையே.

'498ஏ போட்டு ஆம்பளைங்களை அழ வைக்கிற கோர்ட்தானே' என்று வரும் அண்ணன்களுக்கு: மனைவியைக் கணவர் வீட்டில் கொடுமை செய்ததாகப் போடும் அந்தக் குற்ற வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்கே வராது. அது மாஜிஸ்திரேட் கோர்ட் சமாச்சாரம். முதலில் சரியான கட்டடத்துக்குப் போய் சண்டை போடுங்கள்.

'பெண் நீதிபதிகளுக்கு முன்னுரிமைன்னு 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே எழுதியிருக்கே, தாய் மாதிரி நடந்துக்கணும்னுதானே அது?' இதைத்தான் படித்தவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, பிரிவு 4. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவையும் படியுங்கள். அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை கிடையாது. நானே அனுமதியோடுதான் நிற்கிறேன். வக்கீல் இல்லாமல் அழுகையும் கோபமுமாக வந்து நிற்கிற இரண்டு பேரிடமிருந்து நீதிபதியே விஷயத்தைக் கறந்தாக வேண்டும். 14-ஆம் பிரிவுப்படி சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகளும் கட்டுப்படுத்தாது. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், பாதியில் தொடங்கும் ஆடியோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது என்று குப்பை மாதிரி வந்து விழும். எதை நம்புவது என்று அவர்தான் பிரிக்க வேண்டும். அப்பீல் போனால் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து அந்த உத்தரவைப் பிரித்து மேய்வார்கள். அங்கே தாயுள்ளம் காப்பாற்றாது.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜேன் போலின் என்று ஒரு நீதிபதி இருந்தார். 1939-ல் நியூயார்க் மேயர் லா கார்டியா உலகக் கண்காட்சி நடந்த இடத்தில் வைத்துப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 31. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. கிட்டத்தட்ட 40 வருஷம் அங்கே குடும்ப நீதிமன்றத்திலேயே இருந்தார். குழந்தைகள் பயப்படக் கூடாது என்று கறுப்பு அங்கி போடாமல் உட்காருவாராம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மட்டும் ஆசை ஆசையாக எழுதுவார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின அதிகாரி என்று இனம் பார்த்து நன்னடத்தை அதிகாரிகளை ஒதுக்கும் வழக்கத்தை ஒழிக்க வைத்தவர் அவர். அரசுப் பணம் வாங்கும் குழந்தைகள் நல அமைப்புகள் நிறம் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் முடியாமல் செய்தார். அது நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிச் செய்த வேலை. மூன்று மேயர்கள் மறுபடி மறுபடி நியமித்தார்கள். 1978-ல் 70 வயதாகிவிட்டது என்று சட்டம் அனுப்பியதால்தான், மனசில்லாமல் போனார். அதை யார் பேசுகிறார்கள்? அங்கி கழற்றியது போதும் நமக்கு.

நம்மூரில் நிலைமை தெரியாதா என்ன. குடும்ப வழக்கு என்றாலே அது ஏதோ வீட்டு விஷயம், அதில் என்ன பெரிய சட்டம் என்று வக்கீல்கள் மத்தியில் ஒரு இளக்காரம். ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்வதைவிட ஒரு செக் மோசடி வழக்கு பெரிய சட்டமா? இல்லை, பொம்பளைகள் அதிகம் நிற்கிற இடம் என்பதால் அது சின்ன வேலையா?

நான் ஜூனியராகச் சேர்ந்த ஆபீஸில் கம்பெனி கேஸ் கட்டெல்லாம் பையன்கள் மேஜைக்குப் போகும். அழுதுகொண்டு வருகிற கட்சிக்காரர்கள் என் மேஜைக்கு. 'நீ பேசும்மா, பொம்பளைகிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க' என்பார் சீனியர். பேசுவார்கள். நான் உட்கார்ந்து கேட்பேன், தேதி வாரியாகக் குறித்து ராத்திரியோடு ராத்திரியாக மனு எழுதுவேன். காலையில் அதில் கையெழுத்து அவருடையது. வாதமும் அவர்தான். ஃபீஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் கேஸை நன்றாக 'உணர்ந்து' எழுதுகிறாய் என்று பாராட்டு கிடைத்ததே!