எடை கூடுவதில் தெருவுக்குப் பங்கே இல்லையா?

“பிள்ளைகள் குண்டாவதற்குச் செல்போன்தான் காரணம், தெருவுக்குச் சம்பந்தமில்லை” என்று புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்குப் போக 15, வர 15 நிமிடம் விறுவிறுவென நடந்தாலே பாதி முடிந்தது.

ஆனால் நடக்க இடம் வேண்டுமே! நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல். ஆனால் நம் நடைபாதையின் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு பைக், உடைந்த வாய்க்கால் மூடி. பிள்ளை சாலையில் இறங்குகிறது. மறுநாளே அம்மா ஸ்கூட்டரை எடுக்கிறார். மாலையில் வண்டிகளை நிறுத்திய கடற்கரைச் சாலையில் அதே பிள்ளைகள் ஓடுவதைப் பாருங்கள்.

தெரு சீரானால் எடை தானாகக் குறையும் என்பதும் மிகைதான். சாப்பாடும் தூக்கமும் இருக்கின்றன. நடமாட்டம் கூடும் என்பதற்கே ஆதாரம் வலு. பள்ளிவரை நடைபாதையின் அகலத்தை டேப் வைத்து அளந்து, குறுகும் இடங்களைப் படமெடுத்து நகராட்சிக்கு எழுதுங்கள்.