டியூப்பைச் சொருகிவிட்டுப் போன மகராசனுக்கு

நுரை. சமையலறை சிங்க் விளிம்பு வரைக்கும் நுரை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் தேய்த்துக் கழுவி வைத்த டம்ளர்களெல்லாம் அதற்குள் மிதக்கின்றன. நான்கு நாள் சட்டைக் காலர் அழுக்கில் அவற்றுக்கு இரண்டாம் குளியல். சமையலறையில் வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டாம்.

போன வாரம் நடந்தது வேறு நாடகம். கழிவு டியூப்பை மாட்ட வந்த தம்பி சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷ வேலைக்கா" என்றார். அந்த நொடியே ஆளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. தண்ணீர் வேறு கொடுத்தேன்.

தரையோரம் ஒரு பைப் இருந்தது. டியூப்பை அதற்குள் கை கொண்ட மட்டும் திணித்தார். காற்றுகூடப் போகாதபடி டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினார். "லீக் ஆகவே ஆகாதுக்கா." உண்மைதான், ஆகவில்லை.

அவர் போனதும் மெஷினைப் போட்டேன். 48 நிமிஷம் என்று காட்டியது. தண்ணீர் சர்ரென்று இறங்கியது. கூடவே பின்னால் குளுகுளுவென்று ஒரு சத்தம். சரி, புது மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 48. துணி அசையவே இல்லை. முன்னால் சர்ர், பின்னால் குளுகுளு. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம். 48. போட்ட சோப்பு எப்போதோ சாக்கடைக்குப் போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பச் சொன்ன மருமகள் மாதிரி, அந்த மெஷின் வாயைத் திறக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தது.

போன் செய்தேன். "மெஷின் கம்ப்ளெய்ன்ட்க்கா." மெஷின்காரரைக் கூப்பிட்டேன். "பிளம்பிங் கம்ப்ளெய்ன்ட் மேடம்." இரண்டு பேருக்கும் நடுவில் நான், ஈரத்துணியோடு.

கடைசியில் யாரும் பிரிக்காத அந்தக் கையேட்டைப் பிரித்தேன். படமே போட்டிருக்கிறான். டியூப்பின் வாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டுமாம். டிரம்மில் நிற்கும் தண்ணீரைவிட வாய் கீழே இருந்தால், ஒருமுறை வழிய ஆரம்பித்ததும் மோட்டார் ஓடாமலேயே எல்லாம் இறங்கிவிடும். டேங்கிலிருந்து டியூப் போட்டுப் பெட்ரோல் உறிஞ்சுவார்களே, அதே வித்தைதான். டியூப்பைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி இருந்தால் காற்று நுழைந்து அந்த இழுப்பை அறுத்துவிடும். நம் ஆள் பாசத்தோடு டேப் சுற்றிய இடம் அதுதான்.

மறுபடி வந்தார். படத்தைக் காட்டினேன். "அதெல்லாம் சும்மா போடுறதுக்கா" என்றார். பிறகு பெரிய உபகாரம் செய்வதுபோல டியூப்பைத் தூக்கி, சிங்க் தண்ணீர் போகிற பைப்பிலேயே சேர்த்துவிட்டார். அது ஒன்றேகால் அங்குலப் பைப். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து படிந்து இப்போது அதில் பாதியாவது திறந்திருந்தால் அதிசயம். மெஷினுக்கு ஒன்றரை அங்குலத்தில் தனிப் பைப் வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தார். மெஷின் ஒரு நிமிஷத்தில் வாளி வாளியாகத் தள்ளுகிற தண்ணீர் அந்தச் சந்துக்குள் எப்படிப் போகும்? மேலே சிங்க் ஓட்டை ஆவென்று திறந்திருக்கிறது. என் டம்ளர்களைப் பார்க்க வந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. வழியில் வளைவாக ஒரு ட்ராப் இருந்தது. அந்த வளைவில் நிற்கிற கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. "இங்கதான்க்கா அடைக்கும்" என்று அதை அறுத்து எடுத்துவிட்டார். இப்போது நுரையும் உண்டு, மணமும் உண்டு.

சற்று முன் போன் செய்தேன். எடுத்தார். "அக்கா, துணி துவைக்கிறப்போ சிங்க்க மூடி வச்சுக்கங்க" என்றார். மூடி வைக்கணுமாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் ஈரத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

எழுந்து டம்ளர்களை மூன்றாவது தடவை கழுவலாமென்று புது சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்தேன். 'இங்கே கிழிக்கவும்' என்று புள்ளிக் கோடு போட்டிருக்கிறான். அந்த இடத்தில் என்றைக்காவது, யாருக்காவது கிழிந்திருக்கிறதா? பல்லால் கடித்தும் வரவில்லை. கத்தரிக்கோல் எங்கே? தம்பி டேப் வெட்ட வாங்கினார். திருப்பித் தரவே இல்லை.