சிக்கல் இறைச்சியில் இல்லை, தாஷியில் இருக்கிறது

ஜப்பானுக்குப் போகும் சைவ உணவுக்காரர்கள் பிரெட்டும் வாழைப்பழமும் தின்றுதான் காலம் தள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே தொல்லை தருவது தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டுக் கட்டை மாதிரி காயவைத்து, மரச்சீவல் போல மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டும் சாறுதான் அது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், உதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ், ஏன், அப்பாவியாகத் தெரியும் கீரைக் கிண்ணத்தில்கூட அது இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, பலருடைய கணக்கில் மீன் இறைச்சியில் சேராது, அவ்வளவுதான்.

வீட்டில் சமைப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கொம்பு என்கிற கடற்பாசித் துண்டையும் காய்ந்த ஷீட்டாகே காளானையும் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் நல்ல சைவ தாஷி தயார். புத்த மடங்களின் ஷோஜின் சமையலே இப்படித்தான். மிசோ வாங்கும்போது மட்டும் தாஷி கலக்காததா என்று பாருங்கள்.

அப்புறம் அரிசி. ஜப்பானின் குட்டை அரிசி ஒட்டும், ரசத்துக்குச் சரிப்படாது, ஆனால் தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை! பருப்பு, மசாலா சாமான் எல்லாம் டோக்கியோவில் ஷின்-ஒகுபோ, நிஷி-கசாய் பக்கம் கிடைக்கும். நூல் நூலாக இழுக்கிற நாட்டோவை (புளிக்கவைத்த சோயா பீன்ஸ்) மட்டும் என்னிடம் நீட்டாதீர்கள், கூட வரும் சாஸை விட்டால் சைவம்தான், இருந்தாலும் வேண்டாம்.