உடம்பு கேட்கும் கந்துவட்டி

அண்ணன் வீடு மாறினான். சனிக்கிழமை போய் நாலு அட்டைப்பெட்டி தூக்கி வைத்தேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருடனும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை பல் துலக்கப் போனால் கை தோளுக்கு மேல் எழவில்லை. தொண்டை வலி, காய்ச்சல் வருவதுபோல ஒரு நடுக்கம், கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறது. வியாழக்கிழமை வரை படுக்கைதான்.

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தானேடா இருந்தே?" என்று அண்ணன் கேட்டான். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான். எனக்குக் கோவிட் வந்துபோய் இரண்டரை வருஷம் ஆகிறது. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. வந்தபோது ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், முடிந்தது என்று நினைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் பதில் சொல்லத் திணறும் கேள்வி இது ஒன்றுதான். அலுவலகத்திலும் இதைத்தான் கேட்டார்கள், டாக்டர் அறையிலும் இதைத்தான் கேட்டார்கள், வார்த்தைதான் வேறு.

அதனால் இந்தப் பதிவு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

வேலை செய்தால் களைப்பு வரும், படுத்து எழுந்தால் போய்விடும். நமக்குத் தெரிந்த கணக்கு இது. லாங் கோவிட், அதாவது கோவிட் வந்துபோன பிறகும் தொந்தரவுகள் மாதக்கணக்கில் தீராத நிலை, உள்ள பலருக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. வேலை செய்யும்போது உடம்பு ஒன்றும் சொல்லாது. 12 மணி நேரம், ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துக் களைப்பு வாசலில் வந்து நிற்கும், வட்டிக்கு வட்டி போட்டு. நாலு பெட்டிக்கு நாலு நாள். மருத்துவத்தில் இதற்குப் 'போஸ்ட் எக்ஸர்ஷனல் மலைஸ்' என்று பெயர், சுருக்கமாக பெம். மலைஸ் என்றால் லேசான உடல் சுணக்கம். பெயர் வைத்தவர் இதை ஒரு நாளாவது அனுபவித்திருந்தால் வேறு சொல் தேடியிருப்பார். பெட்டி தூக்கினால்தான் வரும் என்றும் இல்லை. ஒரு மணி நேர மீட்டிங், கவனம் வைத்துப் படித்த முப்பது பக்கம், வீட்டில் ஒரு வாக்குவாதம், எதுவும் போதும்.

இது கற்பனை இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. லாங் கோவிட் உள்ள 25 பேரையும், கோவிட் வந்து முழுதாகத் தேறிய 21 பேரையும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு ஒரு வாரம் முன்பும், மிதித்த மறுநாளும் தொடைத் தசையிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில், செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா மறுநாள் இன்னும் மோசமாக வேலை செய்தது. தசை இழைகள் சேதமானதும் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் என் கண்ணை நிறுத்தியது 'மறுநாள்' என்ற சொல். அவர்கள் மறுநாள் போய்ப் பார்த்தார்கள். என்னை யாரும் மறுநாள் பார்த்ததில்லை.

நல்லா இருக்கிற நாளில்தானே நாம் டாக்டரிடமே போகிறோம்! மோசமான நாளில் கட்டிலிலிருந்து கழிவறை போவதே பயணம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். ரிப்போர்ட் நார்மல். உட்கார வைத்தும் படுக்க வைத்தும் எடுத்த ரிப்போர்ட் அது. ஒரு டாக்டர் தட்டிக்கொடுத்து, "இந்த வயசுல ஒண்ணும் இருக்காது தம்பி, மனசைப் போட்டு உழப்பாம வேலைக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர்தான். இரண்டாவதாகப் பார்த்தவர் பெரிய மிஷின் எதையும் தேடவில்லை. பத்து நிமிஷம் படுக்க வைத்து நாடியும் பிரஷரும் பார்த்தார், அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு பத்து நிமிஷம் பார்த்தார். நிற்கும்போது இதயத் துடிப்பு, படுத்திருந்ததைவிட நிமிஷத்துக்கு 30-க்கு மேல் கூடி, இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்தால் அது பாட்ஸ் என்ற கோளாறாக இருக்கலாம். எனக்கு 44 ஏறியது. குளிக்கும்போது ஏன் தலை சுற்றுகிறது, வரிசையில் நின்றால் ஏன் நெஞ்சு படபடக்கிறது என்பதற்கெல்லாம் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. ஒன்றரை வருஷம் தேடிய விடை, ஒரு கடிகாரமும் இரண்டு விரலும் ஒரு பிரஷர் மிஷினும் போதும் கண்டுபிடிக்க.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் லாங் கோவிடுக்கு ஒரு வரையறை கொடுத்தது: தொற்று வந்து பொதுவாக 3 மாதம் ஆன பிறகும் இருக்கிற, குறைந்தது 2 மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள். அதில் எங்கேயும் 'ரத்தப் பரிசோதனை தப்பாக வர வேண்டும்' என்று இல்லை. லாங் கோவிட் என்ற பெயரே மருத்துவர்கள் வைத்ததில்லை. 2020 மே மாதம் எலிசா பெரெகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயாளியாக இருந்துகொண்டு, ட்விட்டரில் போட்ட ஹேஷ்டேக் அது. அடுத்து நோயாளிகளே ஒன்றுகூடி 56 நாடுகளில் 3,762 பேரிடம் கேட்டு 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டார்கள். நம்பாதவர்களுக்கு நிரூபிக்கும் வேலையையும் படுத்தபடியே செய்திருக்கிறார்கள்.

இளவயதுக்காரர்களுக்கு இது வராது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2020-இல் சாவுக் கணக்கைத்தான் எல்லோரும் பார்த்தோம், அதில் வயதானவர்கள்தான் அதிகம். சாகவில்லை என்றால் பிழைத்தான், பிழைத்தான் என்றால் தேறினான் என்று முடிவு கட்டிவிட்டோம். நார்வேயின் பெர்கன் நகரத்தில் அதே முதல் அலையில் வீட்டிலேயே இருந்து குணமானவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 16 முதல் 30 வயது வரை 61 பேர். ஆறு மாதம் கழித்தும் அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது: வாசனை தெரியாதது, அசதி, மூச்சு வாங்குவது, கவனம் சிதறுவது, மறதி. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு யாரும் யாரையும் பயமுறுத்த வேண்டாம். சின்ன ஆய்வு, தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலம். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பிறகு பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. (நான் இரண்டு டோஸ் போட்டவன்தான். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லையே.)

மூளையைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடலாம், புத்தி மந்தமாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? வாக்கியத்தின் நடுவில் சொல் தொலைந்துபோகும். நானே எழுதிய மெயிலை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. இந்தப் பதிவையே தினம் இருபது நிமிஷமாகப் படுத்துக்கொண்டுதான் தட்டுகிறேன், இன்று ஆறாவது நாள். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆன்லைனில் நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனை எழுத வைத்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். கோவிட் வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்து தேறியவர்களுக்கு ஐக்யூ அளவில் 3 புள்ளி போல இறக்கம். அறிகுறி தீராதவர்களுக்கு 6 போல. சராசரிதான். ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில், எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அந்த இறக்கம் வந்தால் அதை யாரும் இறக்கம் என்று பார்ப்பதில்லை. "பையன் சுறுசுறுப்பு பத்தாது" என்றுதான் எழுதுகிறார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு பழைய பெயராவது இருக்கும். முன்னே எப்படி இருந்தார் என்று நாலு பேர் சாட்சி சொல்வார்கள். எங்களுக்கு முன்னே என்று ஒன்று சேர்வதற்குள்ளேயே இது வந்துவிட்டது.

இப்போது நான் சண்டை போட நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "கொஞ்சம் கொஞ்சமா நட, ஜிம்முக்குப் போ, உடம்பை அசைச்சா எல்லாம் சரியாயிடும்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். நானும் கேட்டேன். முதல் வருஷம் தினம் ஐந்து நிமிஷம் கூட்டிக் கூட்டி நடந்தேன், மூன்றாவது வாரம் சரிந்தவன் பழைய நிலைக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது. இதே புத்திமதியை மையால்ஜிக் என்செஃபலோமைலிட்டிஸ் (தீராத அசதியும் இதே பெம்மும் உள்ள, கோவிடுக்கு முன்பே இருந்த நோய்) நோயாளிகள் வருஷக்கணக்கில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-இல் அவர்களுக்குப் படிப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது, 2021 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றது. இடையில் 14 வருஷம். அந்தப் பாடத்தை இன்னொரு தலைமுறையின் உடம்பில் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டுமா?

லாங் கோவிட் உள்ள எல்லோருக்கும் பெம் இருக்காது. இல்லாதவர்களுக்கு மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி உதவலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறது?

"மனச்சோர்வா இருக்கும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரத்தான் செய்கிறது, எனக்கும் வந்தது, மாத்திரை சாப்பிட்டேன், அதில் வெட்கம் இல்லை. ஆனால் எனக்குள் எதுவும் செய்யப் பிடிக்காத நிலை இருந்ததில்லை. செய்ய ஆசைப்பட்டவை ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. ஆசை எழுந்து நிற்கிறது, கால்தான் நிற்கவில்லை.

மருந்து? தீர்த்துவைக்கும் மருந்து என்று நிரூபணமானது இன்னும் எதுவும் இல்லை. கோவிடுக்குக் கொடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான பாக்ஸ்லோவிட்டை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் முக்கிய அறிகுறிகள் எதிலும் தெளிவான பலன் தெரியவில்லை. நச்சை வெளியேற்றுகிறோம் என்று பொடி விற்பவர்கள் என் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.

நான் செய்வது ஒன்றுதான், முடிவதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வது. பேசிங் என்கிறார்கள். மோசமான நாளில் அது சுலபம், உடம்பே நிறுத்திவிடும். நல்ல நாளில்தான் கொடுமை. கையில் தெம்பு இருக்கிறது, வெயில் இதமாக இருக்கிறது, நண்பன் கூப்பிடுகிறான், நான் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறேன். பார்க்கிறவனுக்கு அது திமிராகத் தெரியும். பாதி நாள் எனக்கே அப்படித்தான் தெரிகிறது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு அவனே பெட்டிகளைப் பிரித்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"இன்னிக்கு எப்படிடா இருக்கு?"