விசாரிப்பது பள்ளியின் வேலை அல்ல

இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். குழந்தைக்கு எதிரான கொடுமை ஒன்று செய்தியாகும்போதெல்லாம் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்றே எல்லோரும் பேசுகிறோம். ஆனால், குழந்தை முதன்முதலில் வாய் திறந்த நாளுக்கும் காவல் நிலையத்தில் புகார் பதிவான நாளுக்கும் இடையே பள்ளிக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இடைவெளியில் நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2014-ஆம் ஆண்டின் தொடக்கம். மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு சிறுமி, மணி அடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல், கரும்பலகையைத் துடைப்பதும் பாயைச் சுருட்டி வைப்பதுமாக என்னையே சுற்றிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அருகில் அமர்த்திக் கேட்டபோது, "அந்த ஆட்டோவுல நான் போகலை டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். குழந்தைகள் மீது பாசம் உள்ளவர்தான். ஆனால், "முதல்ல நாம விசாரிப்போம்" என்றார். மறுநாள் காலை ஆட்டோ ஓட்டுநரையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் வரவழைத்து, அவர்கள் நடுவே அந்தக் குழந்தையை நிறுத்தி, "இவர் என்ன பண்ணாரு, சொல்லு" என்று கேட்டார்கள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்கள். உண்மையில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம். நடப்பது தவறு என்று அந்த அறையில் நின்றபோதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் நின்றேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பதை 21-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். பள்ளியே விசாரித்து உண்மையை உறுதி செய்துகொண்ட பிறகு சொல்லலாம் என்று எந்த வரியும் அச்சட்டத்தில் இல்லை. ஆனால், நம் பள்ளிகளில் இன்றும் தலைமையாசிரியர் அறையில்தான் முதல் விசாரணை நடக்கிறது.

அந்த விசாரணை ஏன் கூடாது என்பதைச் சட்டம் குழந்தையை நடத்தச் சொல்லும் விதத்தோடு ஒப்பிட்டாலே விளங்கும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும்; கூடுமானவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும்; அவர் சீருடையில் இருக்கக் கூடாது; குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் குழந்தையின் எதிரே வந்துவிடக் கூடாது. காக்கிச் சட்டையைப் பார்த்தே குழந்தை மிரளும் என்று எண்ணி எழுதப்பட்ட சட்டம் இது. நாங்களோ, யாரைக் கண்டு அவள் அஞ்சினாளோ அவரையே எதிரில் நிறுத்திவிட்டுப் பதில் கேட்டோம்.

மறைப்பதன் விளைவை நாடு பலமுறை பார்த்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடியினச் சிறுமிகள் தொடர்பான வழக்கில், குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்றும் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், போலி என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த கொடுமை வெளிவந்தபோது, தகவலை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் எங்கும் சொல்லப்படும் காரணம். ஒரு குழந்தையைக் கைவிட்டுக் காப்பாற்றப்படும் பெயரை நான் மதிக்க மாட்டேன்.

அப்படியானால் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? கேட்க வேண்டும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து, அன்றே எழுதி வைக்க வேண்டும். "அவர் இங்கே தொட்டாரா?" என்று விடையை நாமே ஊட்டும் கேள்விகளைக் கேட்கக் கூடாது, அத்தகைய கேள்விகள் பின்னாளில் நீதிமன்றத்தில் குழந்தைக்கு எதிராகவே திரும்பும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதைக் காப்பாற்ற நமக்கு உரிமை இல்லை. "ஏன் அப்பவே சொல்லலை?" என்ற கேள்வியை எவரும் எக்காலத்திலும் கேட்கக் கூடாது.

ஐந்து வயதுக் குழந்தையால் எப்படிச் சொல்ல முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி நல்ல ஏற்பாடுதான். ஆனால், 'அ' எழுதப் பழகும் குழந்தைக்கு அந்தப் பெட்டியால் பயனில்லை. கண், காது, மூக்கு என்று பெயர் சொல்லித் தரும் நம் வீடுகள் சில உறுப்புகளுக்குப் பெயரே தருவதில்லை. அதனால் குழந்தை "வயிறு வலிக்குது" என்கிறது, நாமும் ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று படம் காட்டுகிறோம். அன்று மாலையே வீட்டுக்கு வந்த உறவினருக்கு முத்தம் கொடுக்க மறுத்த குழந்தையைத் திட்டுகிறோம். மறுக்கும் உரிமையை வீட்டில் பறித்துவிட்டு, வெளியில் அது மறுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல.

ஆண் குழந்தைகளை நாம் மறந்தேவிடுகிறோம். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகச் சொன்ன குழந்தைகள் 53 விழுக்காட்டினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள்.

புறக்கணிப்பு இன்னும் ஓசையின்றி நடக்கிறது. அதற்குப் புகார் சொல்ல ஆள் வருவதில்லை. வருகைப் பதிவேடுதான் சொல்லும். திங்கள்தோறும் வராத பிள்ளை, காலில் சீழ் பிடித்த புண்ணோடு பத்து நாளாக வரும் பிள்ளை, மதிய முட்டையைத் தான் உண்ணாமல் தங்கைக்காகப் பையில் பதுக்கும் பிள்ளை ஆகியோரை நாங்கள் தினமும் பார்க்கிறோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபின் பசி மயக்கம் குறைந்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும், வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. செங்கல் சூளைக்குப் போன தாய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருக்கிறாள் என்றால் அவளுக்குத் தேவை உதவி, குற்றச்சாட்டு அல்ல. மருத்துவமனை பக்கத்தில் இருந்தும், சொல்லியும், புண்ணோடு பிள்ளையை விட்டுவைக்கும் வீடு வேறு. எது எது என்று தீர்மானிப்பதும் எங்கள் வேலை அல்ல. அதற்கு மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

சென்ற மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தந்தை எழுந்து, "நாம சந்தேகப்பட்டது தப்பாப் போயிட்டா, நம்ம மேல கேஸ் வராதுங்களா டீச்சர்?" என்று கேட்டார். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று 19-ஆம் பிரிவின் கடைசி வரியே சொல்கிறது என்றேன். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அந்த எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.