ரோசா பார்க்ஸ் கால் வலித்து உட்காரவில்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் ரோசா பார்க்ஸ் பற்றிப் பேசியதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பேச்சின் காணொளியை இத்தனை பேர் பகிர்வதைப் பார்த்தபின் முடியவில்லை. "நாள் முழுக்கத் தைத்துக் களைத்த ஒரு பெண், எழ முடியாமல் உட்கார்ந்தார், வரலாறு மாறியது." கைதட்டல் வேறு.

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955-இல், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் அவர். களைப்பு இல்லை ஐயா. விட்டுக்கொடுத்தே சலித்துப்போனேன் என்று ரோசா பார்க்ஸே எழுதிவிட்டார்.

அந்தப் பேருந்துக்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1944-இல், அலபாமாவின் அபவில் என்ற சிற்றூருக்கு அவரை அனுப்பியது என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை இயக்கத்தின் மான்ட்கோமரி கிளை. அங்கே ரீசி டெய்லர் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண்ணை, இரவு தேவாலயத்திலிருந்து வீடு திரும்பும்போது, வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். வாய் திறந்ததற்காக வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவருடைய அப்பா இரவெல்லாம் துப்பாக்கியோடு முற்றத்து மரத்தில் ஏறிக் காவல் இருந்தார். அந்த வீட்டில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியவர் ரோசா. ஊரைவிட்டுப் போ என்று டெபுடி ஷெரீஃப் மிரட்டினார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி இரண்டு முறை வழக்கையே ஏற்க மறுத்தது. கால்வலிக்காரர் செய்கிற வேலையா இது?

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இதைத்தான் அந்தப் பேச்சாளரிடம் சொன்னேன். "நீங்க சொல்றது உள்ளூர்ச் சங்கதிம்மா, நான் சொல்றது வரலாறு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை.

உள்ளூர்ச் சங்கதிதான் வரலாறு. ரோசா கைதான அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடிய, பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை உருட்டியெடுக்காமல் இருந்திருந்தால், திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடியிருக்குமா? அந்த ஊர்ப் பெண்கள் இப்படி ஒரு நாளுக்காகப் பல வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றை முகம் இருந்தால்தான் மக்கள் மனதில் நிற்கும் என்பீர்கள். இருக்கட்டும். அமெரிக்கக் கதை உனக்கெதற்கு என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மேடையேறி முதலில் சொன்னது நானல்ல.

அந்த ஒற்றை முகத்துக்காக யாரையெல்லாம் ஓரங்கட்டினார்கள் என்றாவது கேளுங்கள். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வின் 15 வயதுப் பள்ளிச் சிறுமி. இந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தினால் சரிவராது என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள். பேருந்துப் பாகுபாட்டை 1956-இல் சட்டப்படி உடைத்த வழக்கில் வாதிகள் நான்கு பெண்கள். அதில் ரோசா இல்லை, கிளாடெட் இருந்தார். அவர்மேல் இருந்த கைதுப் பதிவு 2021-இல்தான் அழிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 82 வயது. அந்த மேடையில் அவர் பெயரை ஒரு தடவைகூட யாரும் சொல்லவில்லை.